டீசலா, பெட்ரோலா? பிக்கப் வண்டி கற்பிக்கும் பாடம்



அமெரிக்க நாட்டுச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் வண்டிகளுள் பிக்கப்பும் ஒன்று. முன்புறம் ஓட்டுநர் அறை. பின்புறம் மேல்மூடி இல்லாத சரக்குத் தட்டு. வைக்கோல், மரம், சிமெண்டு என எதையும் அதில் ஏற்றலாம். பின்னால் ஓர் இழுவண்டியையும் மாட்டிக்கொள்ளலாம். பெரிய பிக்கப் ஒன்றை வாங்கப் போகிறவர் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: டீசல் எஞ்சினா, பெட்ரோல் எஞ்சினா? (பெட்ரோலை அங்கே கேசோலின் என்பார்கள். பொருள் ஒன்றுதான்.)

"டீசல் சிக்கனமானது, அதையே வாங்கு" என்பார் ஒருவர். "டீசல் தொல்லை பிடித்தது, பெட்ரோலே போதும்" என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை நாம் பள்ளியில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். வாருங்கள், பார்ப்போம்.

தீப்பொறி இல்லாத தீ

சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை விரைந்து அமுக்கினால் அது சூடேறும். டீசல் எஞ்சினின் அடிப்படை இதுதான்.

பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. பிறகு ஸ்பார்க் பிளக் ஒரு மின்பொறியைத் தந்து அதைக் கொளுத்துகிறது. கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறோமோ அதற்கு அமுக்க விகிதம் என்று பெயர். பெட்ரோல் எஞ்சினில் இது பெரும்பாலும் 8 முதல் 12 வரை இருக்கும். அதற்கு மேல் கூட்டினால், கலவை சூடேறி உரிய நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும். எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும், நாளடைவில் கெட்டுப்போகும்.

டீசல் எஞ்சினில் முதலில் வெறும் காற்று மட்டுமே உருளைக்குள் செல்கிறது. அதில் எரிபொருள் இல்லாததால் முன்கூட்டி வெடிக்குமோ என்ற அச்சம் இல்லை. ஆகவே 14 முதல் 22 மடங்கு வரை அமுக்கலாம். காற்றின் வெப்பநிலை 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறிவிடும். அந்த நேரத்தில் டீசலை நுண் துளிகளாகப் பீய்ச்சினால் அது தானே தீப்பற்றுகிறது. ஸ்பார்க் பிளக்கே தேவையில்லை.

இந்த எண்ணத்தை முதலில் செயலாக்கியவர் ருடால்ஃப் டீசல் (1858–1913). மியூனிக் நகரில் அவர் மாணவராக இருந்தபோது நீராவி எஞ்சின்கள் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 சதவீதத்தையே வேலையாக மாற்றின. இவ்வளவு வெப்பம் வீணாவதை அவரால் பொறுக்க முடியவில்லை. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்ட அவருடைய எஞ்சின் சுமார் 26 சதவீத வெப்பத்தை வேலையாக மாற்றியது.

சிக்கனம் எங்கிருந்து வருகிறது?

டீசல் வண்டி ஒரு லிட்டரில் அதிக தூரம் ஓடுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அமுக்க விகிதம். வெந்த வாயு எவ்வளவு அதிகமாக விரிகிறதோ அவ்வளவு அதிகமாக அதனிடமிருந்து வேலை வாங்கலாம்.

இரண்டாவது, மூச்சுத்திணறல் இல்லாமை. பெட்ரோலும் காற்றும் ஏறக்குறைய 1-க்கு 14.7 என்ற எடை விகிதத்தில் கலந்தால்தான் ஒழுங்காக எரியும். எனவே பெட்ரோல் வண்டியின் வேகத்தைக் குறைக்கும்போது பெட்ரோலை மட்டும் குறைத்தால் போதாது. காற்றையும் குறைக்க வேண்டும். காற்று வரும் வழியில் உள்ள தட்டு அதற்காகப் பாதி மூடிக்கொள்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனைப் போல எஞ்சின் காற்றை இழுக்கப் பாடுபடுகிறது. அதில் கொஞ்சம் ஆற்றல் வீணாகிறது. டீசல் எஞ்சினிலோ எரிபொருளை மட்டும் குறைத்தால் போதும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் டீசல், ஒரு லிட்டர் பெட்ரோலை விட எடை மிகுந்தது. பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு என்றால், டீசலில் சுமார் 36 மெகாஜூல் உண்டு. ஆகவே டீசலின் சிக்கனத்தில் ஒரு பங்கு எஞ்சினின் திறமையால் வந்தது. இன்னொரு பங்கு கனமான லிட்டரால் வந்தது.

இழுக்கும் வலிமை

பளு இழுப்பதில் டீசலுக்குத் தனிப் பெயர் உண்டு. ஏன்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

டாட்ஜ் பிக்கப்பில் 1989-ஆம் ஆண்டு கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்றார்கள். அதன் உச்சத்திறன் 160 குதிரைத்திறன். கேட்பதற்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் அதன் திருப்பு விசை சுமார் 542 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்குச் சுமார் 1,700 சுற்றிலேயே கிடைத்தது.

திறன் என்பது திருப்பு விசையையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. 1,700 சுற்று என்பது விநாடிக்குச் சுமார் 178 ரேடியன். இதை 542-ஆல் பெருக்கினால் சுமார் 96,500 வாட். அதாவது ஏறத்தாழ 129 குதிரைத்திறன். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே அதன் முழுத் திறனில் ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்துவிடுகிறது! பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் விரைந்து சுற்றினால்தான் தன் முழுத் திறனைக் காட்டும். நிறைந்த இழுவண்டியுடன் மலைப்பாதையில் ஏறும் ஓட்டுநருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

வலிமைக்கு ஒரு விலை

அதிக அமுக்கம் என்றால் அதிக அழுத்தம். விசை = அழுத்தம் × பரப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஓர் உருளையின் குறுக்குப் பரப்பு 80 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எரியும் வாயுவின் உச்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோகிராம் என்றால், உருளையின் தலையை மேலே தள்ளும் விசை 3,200 கிலோகிராம். அழுத்தம் 80 ஆனால் விசை 6,400 கிலோகிராம். அந்தத் தலையை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒவ்வொரு எரிதலின் போதும் இதைத் தாங்கியாக வேண்டும்.

இதைப் போதிய அளவு கருதாததால் என்ன ஆயிற்று? 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் டீசலுக்கு மதிப்புக் கூடியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஓல்ட்ஸ்மொபில் பெட்ரோல் எஞ்சினைத் தழுவி 5.7 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றை 1978-இல் வெளியிட்டது. கார்களிலும் சில பிக்கப்களிலும் அது பொருத்தப்பட்டது. உருளைப் பகுதியை வலுப்படுத்தினார்கள். ஆனால் தலையைப் பிடிக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அமைப்பும் பெட்ரோல் எஞ்சினில் இருந்தபடியே இருந்தன. போல்ட்டுகள் நீண்டன, முறிந்தன. இடையிலிருந்த கேஸ்கட் கிழிந்தது. டீசலில் கலந்திருக்கும் நீரைப் பிரிக்கும் கருவியும் வைக்கப்படவில்லை. எரிபொருள் பம்புகள் துருப்பிடித்தன. நம்பி வாங்கியவர்கள் பணத்தையும் நாளையும் இழந்து வழக்குத் தொடுத்தார்கள். 1985-இல் அந்த எஞ்சின் நிறுத்தப்பட்டது. அமெரிக்கர்கள் பலர் டீசல் கார் என்றாலே நெடுங்காலம் ஒதுங்கிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

டீசலின் கொள்கையில் இங்கே குற்றமில்லை. அந்தக் கொள்கை கேட்கும் விலையைக் கொடுக்காததே குற்றம். கனமான உடல், உயர் அழுத்தப் பம்பு, நுட்பமான தெளிப்பான்கள் ஆகிய இவையெல்லாம் சேர்ந்துதான் டீசல் எஞ்சினின் விலையையும் எடையையும் கூட்டுகின்றன.

புகையின் கணக்கு

வாங்குபவரின் பை மட்டுமல்ல, தெருவில் நடப்பவரின் நுரையீரலும் இந்தத் தேர்வில் பங்கு கொள்கிறது.

டீசல் துளிகள் காற்றுடன் முழுதும் கலக்குமுன்பே எரியத் தொடங்குவதால் கரித்துகள் உண்டாகிறது. உயர்ந்த வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் அறிவித்தது.

அமெரிக்காவில் 2007 முதல் டீசல் பிக்கப்களில் கரித்துகள் வடிகட்டி வந்தது. 2010-இன் விதிகளை ஒட்டி யூரியாக் கரைசல் பரவலாயிற்று. வயலுக்கு இடும் யூரியாவின் தூய வடிவமே இது. சூட்டில் அது அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது.

ஆனால் வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்குச் சுமார் 550–600 டிகிரி வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடும் வண்டிக்கு இது எளிது. கடைக்கும் பள்ளிக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் போய்வரும் வண்டியில் எஞ்சின் சூடேறுமுன்பே நின்றுவிடும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டீசல் 'தொல்லை பிடித்தது' என்பவரின் பேச்சில் உள்ள உண்மை இதுவே.

பணக் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். டீசல் வண்டியின் விலை 10,000 டாலர் கூடுதல் என்றும், பெட்ரோல் லிட்டர் 90 சென்ட், டீசல் லிட்டர் 100 சென்ட் என்றும் வைத்துக்கொள்வோம்.

சுமையில்லாத ஓட்டம்: பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 6 கிலோமீட்டரும் டீசல் வண்டி 8 கிலோமீட்டரும் ஓடட்டும். கிலோமீட்டருக்குச் செலவு 15 சென்ட், 12.5 சென்ட். மிச்சம் 2.5 சென்ட். 10,000 டாலரை மீட்க 4,00,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இதற்கு 20 ஆண்டுகள் ஆகும்!

கனத்த இழுவண்டியுடன் ஓட்டம்: லிட்டருக்கு 3 கிலோமீட்டரும் 4 கிலோமீட்டரும் என்று கொள்வோம். செலவு 30 சென்ட், 25 சென்ட். மிச்சம் 5 சென்ட். 2,00,000 கிலோமீட்டரில் பணம் மீளும். ஆண்டுக்கு 80,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரண்டரை ஆண்டுகள் போதும்.

கவனித்தீர்களா? இரண்டு கணக்குகளிலும் டீசலின் சிக்கன விகிதம் ஒன்றேதான். 6-க்கு 8 என்பதும் 3-க்கு 4 என்பதும் வேறல்ல. எஞ்சின் மாறவில்லை, வேலைதான் மாறியது. விடையும் மாறிவிட்டது.

ஆகவே எதை வாங்கலாம்?

நாள்தோறும் பெரும்பளுவை நெடுந்தூரம் இழுப்பவருக்கு டீசல் பொருத்தமானது. குறைந்த தூரம், குறைந்த சுமை, இடையிடையே நிற்கும் ஓட்டம் என்றால் பெட்ரோலே போதும். "எது சிறந்தது?" என்று யாரேனும் கேட்டால், "எந்த வேலைக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். வண்டிக்கு மட்டுமல்ல, வீட்டுக்கு வாங்கும் பம்புசெட்டுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோகிராமும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோகிராமும் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். மேலே கண்ட சுமையில்லாத ஓட்டத்தில், கிலோமீட்டருக்கு எந்த வண்டி எவ்வளவு வெளியிடும்?

2. டீசலின் விலை லிட்டருக்கு 120 சென்ட் ஆகிவிட்டால், 10,000 டாலரை மீட்க எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்? விடை உங்களுக்கு வியப்பளிக்கும். ஏன் அப்படி ஆயிற்று என்று எழுதுங்கள்.

3. டீசல் எஞ்சின் எடை மிகுந்தது. வண்டியும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்ற வரம்பு இரு வண்டிகளுக்கும் ஒன்றே என்றால், தட்டில் அதிகச் சரக்கு ஏற்றக்கூடியது எது?