விதியிலிருந்து பிறக்கும் சித்திரம்

கணிப்பொறியைக் கொண்டு ஆக்கப்படும் புதுவகைச் சித்திரங்களைப் பற்றி இக்காலத்தில் அடிக்கடி கேள்விப்படுகிறோம். இவ்வகைச் சித்திரக்காரர் தூரிகையை எடுப்பதில்லை. இன்னது செய்தபின் இன்னது செய்க என்று ஒரு விதித்தொடரை எழுதுகிறார். யந்திரம் அதன்படி கோடுகளை இழுக்கிறது. அத்தகைய விதித்தொடருக்கு அல்காரிதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாது நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் கணித மேதையின் பெயரே லத்தீன் மொழியின் வழியாகத் திரிந்து இச்சொல்லாயிற்று. அரபு பயின்ற பேகம்பூர் அன்பர்களுக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது.

இது நகரத்துக் கலைக்கூடங்களுக்குரிய சங்கதியாயிற்றே, தறிக்கும் தோட்டத்துக்கும் இதில் என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். இக்கலையின் வேர் தறியில்தான் இருக்கிறது. அதனை அறிந்துகொள்வது வெறும் அறிவு விருத்திக்காக மட்டுமன்று. சங்கத்தின் வருவாயும் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் நம் வீட்டு வாசலைப் பார்ப்போம். கோலப் புத்தகங்களில் படத்தின் கீழ் “15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி” என்று ஒரு வரி அச்சிட்டிருக்கும். நடுவரிசையில் 15 புள்ளி வைத்து, இருபுறமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து, இரண்டு புள்ளிகளின் இடையில் அடுத்த வரிசைப் புள்ளி விழுமாறு 8 வரை வைத்துக்கொண்டு போகவேண்டும் என்பது அதன் பொருள். கோலமிடும் பெண் படம் முழுவதையும் மனத்தில் சுமப்பதில்லை. புள்ளிக் கணக்கையும் கம்பி திரும்பும் முறையையும் மட்டுமே சுமக்கிறாள். அம்முறையை அறிந்தவள் சிறு வாசலுக்குச் சிறியதாகவும் திருவிழா நாளில் தெருவடைக்கப் பெரியதாகவும் அதே கோலத்தை இடுவாள். தாம்பரம் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் கூடி, 1974ஆம் ஆண்டில் கோலத்தின் இம்முறையை மொழியின் இலக்கணம்போல் விதிகளாக வகுத்துக் கணிப்பொறிச் சித்திரம் பற்றிய ஓர் ஆராய்ச்சி ஏட்டில் வெளியிட்டனர். சிறு கோலம் பெரிய கோலமாக வளரும் வழி அவ்விதிகளில் அடங்கியது. அதற்குப் பின் பல நாட்டுக் கணித அறிஞர்கள் கோலத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டனர். வாசல் தெளித்துக் கோலமிட்ட நம் பாட்டிமாருக்கு இச்செய்தி எட்டியிராது.

இனித் தறிக்கு வருவோம். பூவேலைத் துணியில் ஒவ்வோர் ஊடையும் செல்லும்போது பாவில் எந்த இழை மேலே எழவேண்டும், எது கீழே நிற்கவேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. அக்காலத்தில் இக்கணக்கைக் கயிற்று முடிச்சுகளில் கட்டிவைத்து, பக்கத்தில் ஒரு சிறுவனை நிறுத்தி இழுக்கச் செய்தனர். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் இதற்கு அடை கட்டுதல் என்று பெயர். பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் 1725இல் பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளை இதற்குப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் ஃபால்கோன் என்பவர் தனித்தனி அட்டைகளைக் கோத்தார். 1804ஆம் ஆண்டளவில் ஜோசப் மரி ஜக்கார்டு இவற்றையெல்லாம் ஒருங்கிணைத்துத் தம் பெயரால் இன்றும் வழங்கும் கருவியை அமைத்தார். துளை இருக்குமிடத்தில் ஊசி நுழைந்து கொக்கி இழையைத் தூக்கும்; துளை இல்லையேல் கொக்கி வாளாயிருக்கும். உண்டு, இல்லை என்னும் இவ்விரண்டே சொற்களில் ஒரு தாமரையையும் அன்னத்தையும் எழுதிவிடலாம் என்று உலகுக்குக் காட்டியது இக்கருவி.

1839இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தனர். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. அப்பட்டுப் படங்களில் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் ஆங்கிலேயரான சார்லஸ் பாபேஜ். தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்கும் இத்தகைய அட்டைகளையே அவர் கருதினார். அவ்வியந்திரத்தைப் பற்றி 1843இல் குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ் அம்மையார், தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல் இது கணிதத்தை நெய்யும் என்ற கருத்தைக் கூறினார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் தொகுக்க ஹாலரித் என்பவர் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். பின்னர்த் தோன்றிய கணிப்பொறிகளும் நெடுங்காலம் அட்டையையே தின்று வாழ்ந்தன. ஆகவே கணிப்பொறி நெசவுக்குள் புதிதாக நுழைந்த விருந்தாளி அன்று. வெகுநாள் கழித்துப் பிறந்தகம் திரும்பிய பெண் என்றே கொள்ளலாம்.

லியோன் நகரத்துக் கதையில் நாம் கருத்தூன்ற வேண்டிய மற்றொரு பகுதி உண்டு. அங்கே தறி நெசவாளனுடையது. பட்டு நூலும் அட்டையில் ஏறிய சித்திரமும் வணிகனுடையவை. வணிகன் சித்திரத்தை எடுத்துக்கொண்டால் தறி வெறும் மரம். கூலிக்குக் கீழ்வரம்பு கட்டவேண்டும் என்று 1831இல் அந்நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து நகரத்தையே சில நாள் கைப்பற்றினர். இறுதியில் படை வந்து அடக்கியது. 1834இல் மீண்டும் கிளர்ச்சி எழுந்து, அதுவும் அடக்கப்பட்டது. அதே ஊரில் 1835இல் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. கூட்டுறவு வரலாற்றில் ராச்டேல் முன்னோடிகளின் 1844ஆம் ஆண்டே பெரிதும் பேசப்படுகிறது. லியோனுக்கும் ஓரிடம் தருவது நியாயம்.

இன்று அட்டையின் இடத்தில் கணிப்பொறிக் கோப்பு வந்திருக்கிறது. மின்னணு ஜக்கார்டு 1983இல் பொதுக் காட்சிக்கு வந்தது. இப்போது கைத்தறிக்கேற்ற சிறு வடிவிலும் கிடைக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை: சித்திரம் யாரிடம் இருக்கிறது?

அதற்கு விடை காணுமுன் சித்திரக்காரர்கள் இவ்வியந்திரத்தை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்கவேண்டும். 1965ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரிலும் அமெரிக்காவில் நியூயார்க்கிலும் கணிப்பொறி வரைந்த சித்திரங்களைப் பொதுமக்கள் முன் வைத்தனர். கியோர்க் நேஸ் என்பவர் பின்னர் வரைந்த சித்திரம் ஒன்று புகழ்பெற்றது. குறுக்கே 12, நெடுக்கே 22 என்ற கணக்கில் சதுரங்கள். மேல்வரிசையில் அவை இம்மியும் பிசகாமல் நிற்கின்றன. கீழே வரவரச் சிறிது சிறிதாகச் சாய்ந்து, இறுதியில் கொட்டிய சரளைக்கல்போல் சிதறுகின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் பிசகின் அளவைச் சற்றே கூட்டுக என்பதே விதி. ஹங்கேரியில் பிறந்து பாரிசில் வாழ்ந்து 2023இல் மறைந்த வேரா மோல்னார் அம்மையார், கணிப்பொறி கைக்கு வருமுன்னரே கற்பனை யந்திரம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு விதிப்படி கையாலே வரைந்தவர். 1968இல் உண்மையான கணிப்பொறியை அணுகினார். ஒழுங்கான அமைப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு ஒழுங்கின்மையைச் சேர்ப்பது அவர் விரும்பிய சோதனைகளுள் ஒன்று. யந்திரத்தின் ஒழுங்கு கண்ணுக்குச் சலித்துப்போகிறது என்பதை அவர்கள் விரைவில் கண்டுகொண்டனர் போலும்.

சுங்குடி கட்டுவோர் இவ்விடத்தில் புன்னகை செய்வர். துணியில் புள்ளி குறித்து, அங்கே நகத்தால் கிள்ளி நூலால் இறுகச் சுற்றிச் சாயத்தில் தோய்த்தால், கட்டு அவிழ்க்கும்போது ஒரு புள்ளிபோல் மறுபுள்ளி இருப்பதில்லை. அச்சிட்ட போலிச் சுங்குடியிலோ எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே வட்டம். மேல்நாட்டுக் கலைஞர் கணக்குப் போட்டு யந்திரத்துக்கு ஊட்டிய ஒழுங்கின்மை நம் விரல்களில் இயல்பாகவே இருக்கிறது. சின்னாளபட்டிச் சேலையை வாங்க வருவோரிடம் நாம் எடுத்துச் சொல்லவேண்டிய வேறுபாடு இது. விலைக்குறைப்பைவிட இது நன்றாகப் பேசும்.

இனிக் கையால் செய்து பார்க்கும் பாடம். கட்டமிட்ட காகிதத்தை எடுத்துக்கொள்க. முதல் வரிசையில் நடுவே ஒரே ஒரு கட்டத்தைக் கறுப்பாக்குக. அடுத்த வரிசைக்கு விதி இது: ஒரு கட்டத்தின் இடமேல் கட்டத்தையும் வலமேல் கட்டத்தையும் பார், இரண்டில் ஒன்று மட்டும் கறுப்பாயின் இக்கட்டம் கறுப்பு, இரண்டும் ஒன்றுபோலிருந்தால் வெண்மை. இரண்டாம் வரிசையில் 2 கறுப்பு, மூன்றாவதில் 2, நான்காவதில் 4, பின்னர் 2, 4, 4, எட்டாம் வரிசையில் 8 என்று அமையும். எட்டு வரிசையில் 27 கறுப்புக் கட்டங்கள் கொண்ட கோபுரம் ஒன்று எழுந்து நிற்கக் காண்பீர்கள். அதனுள் சிறு கோபுரங்கள், அவற்றினுள் அதனினும் சிறியவை. பிங்கலரின் யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை கண்ட ஹலாயுதர் விளக்கிய மேரு பிரஸ்தாரம் என்னும் எண்ணடுக்கில் ஒற்றைப்படை எண்களைக் கறுப்பாக்கினாலும் இதே உருவம் வரும்.

இதைச் சேலைக் கரையில் ஏற்றலாமா? எட்டு வரிசையோடு நிறுத்தினால் ஏற்றலாம். ஒன்பதாம் வரிசையில் இரண்டு கறுப்புக் கட்டங்களுக்கிடையில் 15 வெண்கட்டங்கள் விழுகின்றன. ஒரு கட்டம் ஓர் இழையென்றும், அங்குலத்துக்கு 60 இழையென்றும் கொண்டால், பூநூல் கால் அங்குல நீளம் கட்டுப்படாமல் மிதக்கும். பதினேழாம் வரிசையில் 31 வெண்கட்டம். அரை அங்குலத்துக்கு மேல். உடுத்தும் பெண்ணின் கால்மெட்டியில் சிக்கிச் சேலை நாசமாகும். இடையிடையே பிடிப்பு வைப்பதா, எட்டோடு நிறுத்தி அடுத்த கோபுரத்தைத் தொடங்குவதா என்று தீர்மானிப்பது விதியன்று, நெசவாளனே. சொன்னவுடன் சித்திரம் தரும் செயற்கை அறிவுப் பொறிகள் இப்போது வந்திருக்கின்றன. அவை அழகிய படம் தரும். நூல் மிதப்பதைத் தாமாக எண்ணிப் பார்க்கும் என்று நம்பித் தறியில் ஏற்றக்கூடாது.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கு உரியது அடுத்த விதி. அரிஸ்டிட் லிண்டன்மாயர் என்னும் தாவரவியலார் 1968இல் பாசியின் வளர்ச்சியை இத்தகைய விதிகளால் விளக்கினார். முதிர்ந்த கண்ணறையை மு என்றும் இளையதை இ என்றும் கொள்வோம். ஒவ்வொரு பருவத்திலும் மு பிளந்து மு, இ என இரண்டாகும்; இ முதிர்ந்து மு ஆகும். ஒரு மு-விலிருந்து தொடங்கினால் மு இ. பின் மு இ மு. பின் மு இ மு மு இ. பின் மு இ மு மு இ மு இ மு. எண்ணிக்கை 1, 2, 3, 5, 8, 13, 21 என ஏறும். சூரியகாந்திப் பூவின் விதைச் சுருள்களை எண்ணுவோர் பெரும்பாலும் இவ்வெண்களையே காண்பர். பாவு ஓட்டும்போது மு-வுக்கு அடர்நிறப் பட்டையும் இ-க்கு வெளிர்நிறப் பட்டையும் வைத்து 21 பட்டை ஓட்டினால், 13 அடர்நிறமும் 8 வெளிர்நிறமும் அமையும். கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றும். எங்கே திரும்புகிறது என்று பிடிபடாது. இதற்கு அட்டைச் செலவு ஒரு காசும் இல்லை. ஊடையிலும் அதே வரிசையைப் போட்டால் புதுவகைக் கட்டம் கிடைக்கும். நாகல் நகரிலோ சின்னாளபட்டியிலோ ஒரு துண்டு அளவில் இதனை நெய்து பார்க்க ஒரு நாளுக்கு மேல் ஆகாது.

இப்போது முன்னே விட்ட கேள்விக்கு வருவோம். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரையும் பிறப்பிடத்தையும் காக்கும். நாம் புதிதாகக் கண்ட ஒரு கரைச் சித்திரத்தைக் காக்காது. அதற்குரியது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம். பதிவு செய்தால் 10 ஆண்டும், விண்ணப்பித்தால் மேலும் 5 ஆண்டும் உரிமை உண்டு. ஆனால் சித்திரம் புதியதாக இருக்கவேண்டும். பதிவுக்கு முன் வெளியாகியிருத்தல் ஆகாது. சந்தையில் விற்றுப் பார்த்துவிட்டுப் பதிவு செய்வோம் என்று எண்ணுவோர் உரிமையை இழப்பர். பதிவு செய்யாத சித்திரத்தைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் அதற்குத் துணை வராது. மேலும், ஒருவர் பணம் கொடுத்து மற்றொருவரைக் கொண்டு வடிவம் ஆக்குவித்தால், பணம் கொடுத்தவரே உரிமையாளர் என்று சட்டம் கொள்கிறது. சங்கம் கொடுத்தால் சங்கத்துக்கு. வியாபாரி கொடுத்தால் வியாபாரிக்கு. நம் அங்கத்தினர் ஒருவர் வெளியாரின் முன்பணத்துக்காகப் புதிய புட்டா வரைந்து தருமுன் இதனை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

சங்கம் கூலி கொடுத்துக் கணிப்பொறியில் வரையச் செய்யும்போது குத்திய அட்டையை மட்டும் வாங்கிவருவது போதாது. கோப்பையும் கேட்டு வாங்கவேண்டும். விதியால் பிறந்த சித்திரமாயின் அவ்விதியையும் தமிழில் எழுதி, இழைக் கணக்கு, ஊடைக் கணக்கு, தேதி, கண்டுபிடித்த அங்கத்தினர் பெயர் ஆகியவற்றோடு சங்கத்தின் பதிவேட்டில் ஒட்டிவைப்பது நலம். அட்டை மழைக்காலத்தில் ஊறி வளையும், கறையான் அரிக்கும். கோப்பு யந்திரம் பழுதானால் போய்விடும். இடமேல், வலமேல் என்று தொடங்கும் அந்த இரண்டு வரி பதிவேட்டில் இருந்தால், கட்டமிட்ட காகிதத்தில் மறுபடி வரைந்து புது அட்டை குத்த ஒரு பிற்பகல் போதும்.