மூட்டைமேல் ஆள் ஏற்றாதீர்!



விடியற்காலையில் எந்த ஊர் மொத்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் இந்தக் காட்சியைக் காணலாம். லாரியிலோ குட்டியானையிலோ பருப்பும் சர்க்கரையும் மல்லியும் மூட்டை மூட்டையாக ஏறும். தார்ப்பாய் போட்டுக் கயிற்றை இறுக்கியதும், "சரக்கோட நீயும் போயிட்டு வாப்பா" என்று கடைப் பையனை அனுப்புவோம். கேபினில் இடம் இருக்காது. அவன் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். நாம் கல்லாவுக்குத் திரும்பிவிடுவோம். இந்த ஒரு வழக்கத்தைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

நம் கடையில் நடந்தது

1997-ஆம் ஆண்டு. விருதுநகரில் நாம் கடைப் பொறுப்பை ஏற்றுச் சில வருடங்களே ஆகியிருந்தன. வாடகை லாரியில் மல்லி மூட்டை அனுப்பினோம். சரக்கை இறக்கிப் பாக்கி வசூல் செய்து வர, இருபத்து மூன்று வயதுத் தம்பி ஒருவரை உடன் அனுப்பினோம். கேபினில் டிரைவர் காசுக்கு ஆள் ஏற்றியிருந்தார். நம் பையன் மேலே உட்கார்ந்தார். வழியில் மாடு ஒன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட, பையன் சாலையில் விழுந்தார். உயிர் பிழைத்தது, வலது கால் பிழைக்கவில்லை.

வழக்கு ஏழு ஆண்டுகள் நடந்தது. "இவர் சரக்கோடு போனவர் என்பதற்கு ஆதாரம் என்ன? மூட்டைமேல் ஏன் உட்கார்ந்தார்?" என்று இன்சூரன்ஸ் தரப்பில் கேட்டார்கள். நம்மிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டுதான். அதிலும் அவர் பெயர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி விடுவிக்கப்பட்டது. லாரி உரிமையாளர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவரோ அதற்குள் லாரியை விற்றுக் கடனில் மூழ்கியிருந்தார். தீர்ப்புக் காகிதம் கைக்கு வந்தது, பணம் வரவில்லை. டிரைவர் மீதும் லாரிக்காரர் மீதும் குறை சொல்லலாம். ஆனால் அவரை மூட்டைமேல் அனுப்பியது நாம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் ஒரு திருத்தம் வந்தது. சரக்கு வண்டியில் போகும் சரக்கின் உரிமையாளருக்கோ, அவர் அதிகாரம் கொடுத்து அனுப்பிய பிரதிநிதிக்கோ விபத்து நேர்ந்தால் கட்டாய இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு என்பது அதன் சாரம். ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் பயணம் செய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளர் என்றாலும் கேபினில் அமர்ந்து செல்பவரையே அது குறிக்கும் என்று பின்னர் வந்த தீர்ப்பும் சொல்லிவிட்டது.

சில வழக்குகளில், "முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளட்டும்" என்று நீதிமன்றம் உத்தரவிடுவதுண்டு. வண்டி நம்முடையது என்றால் அப்போதும் கடைசியில் பணம் போவது நம் கல்லாவிலிருந்துதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் வியாபாரிகள், நமக்குக் கணக்குச் சொன்னால்தான் புரியும். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 28 வயது ஊழியர் நம் சொந்த வண்டியிலிருந்து விழுந்து இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, தாய், இரு குழந்தைகள் அவரை நம்பியிருப்பவர்கள். 2009, 2017-ஆம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி கணக்கு இப்படிப் போகும்:

மாதச் சம்பளம் — 15,000
எதிர்கால வருமான உயர்வு 40 சதவீதம் — 6,000
ஆக — 21,000
சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிவு — 5,250
குடும்பத்துக்கு மாதம் — 15,750
ஆண்டுக்கு — 1,89,000
வயதுக்குரிய பெருக்கல் எண் 17. ஆக மொத்தம் — 32,13,000 ரூபாய்.

இதற்கு மேல் ஈமச்சடங்கு முதலிய தொகைகளும் வட்டியும் சேரும். நம்மில் எத்தனை பேருடைய கடையில் மொத்தச் சரக்கே இந்த அளவுக்கு இருக்கும்? கேபினில் ஓர் இடம் ஒதுக்காததற்குக் கொடுக்கும் விலை இது. போன உயிருக்கோ விலையே இல்லை.

சரக்கு கிளம்புமுன்

1. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேர் அமரலாம் என்று இருக்கிறதோ அத்தனை பேர் மட்டும் கேபினில் போகட்டும். இடமில்லையென்றால் நம் ஆள் பஸ்ஸில் போகட்டும். பஸ் கட்டணம் பெரிய செலவல்ல.

2. உடன் போகிறவர் பெயரை டெலிவரி சீட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அவர் நம் பிரதிநிதி என்பதற்கு அதுவே சாட்சி.

3. சம்பளப் பதிவேட்டை உண்மையான தொகையோடு எழுதி வையுங்கள். பதிவேடு இல்லையென்றால் கோர்ட் உத்தேசமாகத்தான் வருமானத்தைக் கணக்கிடும். நஷ்டப்படுவது அந்தக் குடும்பம்.

4. சொந்த வண்டி வைத்திருப்போர், ஏற்றி இறக்கும் ஆட்களையும் பாலிசியில் சேர்க்கக் கேளுங்கள். அதற்கான கூடுதல் பிரீமியம் சிறு தொகையே. பாலிசி ஒரு நாள் காலாவதியானாலும் அன்றைய விபத்து நம் தலைமேல்தான்.

5. எஃப்.சி. எட்டு ஆண்டு வரையுள்ள வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

6. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்கு மேற்பட்ட லாரிக்குக் கனரக லைசென்ஸ் வேண்டும்.

7. "இன்னும் ரெண்டு மூட்டை போடு" என்று சொல்வது நாம்தான். அளவுக்கு மீறிய பாரத்தோடு போகும் வண்டி பிரேக் போட்ட இடத்தில் நிற்காது. இரவெல்லாம் ஓட்டிவந்த டிரைவரை உடனே அடுத்த லோடுக்கு விரட்டவும் வேண்டாம்.

விபத்து நேர்ந்துவிட்டால்

முதலில் 108-ஐ அழையுங்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரைத் தன் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆகவே கேஸுக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம்.

அடுத்து, போலீசில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். "நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவோரிடம் ஏமாறாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். மருத்துவச் சீட்டு, மருந்து ரசீது ஒன்றையும் தொலைக்கக் கூடாது. இடித்த வண்டி நிற்காமல் ஓடிவிட்டாலும் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் பெற வழி உண்டு.

அந்தத் தம்பிக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. நம் கடையில்தான் கணக்கு எழுதுகிறார். வண்டியில் சரக்கு ஏறும்போது கட்டைக்காலோடு வாசலுக்கு வந்து நிற்பார். மூட்டைமேல் ஒருவன் கால் வைத்தாலும், "இறங்கு தம்பி" என்பார். அவர் சொல்லும்வரை காத்திராமல் அந்த வார்த்தையை நம் கடை வாசல்களில் நாமே சொல்வோமாக!