வாய்ப் பிணியும் செயற்கை நுண்ணறிவும்

சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறையும், வியாபாரம் மந்தமான வேளையில் மறுமுறையும் வெற்றிலை போடும் வழக்கம் நம்மவர் பலரிடம் உண்டு. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு புற்றுநோயை விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ம் ஆண்டு வெளியிட்ட நூலில் தெளிவாகக் கூறியுள்ளது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்திய வம்சத்தாரிடமே அதிகம் காணப்படுகிறது. ஆதலின் இந்தப் பாடம் நமக்கு மிகவும் அவசியமாகும்.

இந்நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி தருவதில்லை. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க முடியாமல் இறுகுதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். வலி இல்லையே என்று நாம் அசட்டையாய் இருக்கிறோம். முற்றிய பிறகு வைத்தியரிடம் போனால் சிகிச்சை கடினம், உயிருக்கும் ஆபத்து.

இவ்விடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு உதவிக்கு வருகிறது. அது வேலை செய்யும் விதத்தை நம் தொழிலைக் கொண்டே அறியலாம். புதிதாய்ச் சேர்ந்த கடைப் பையனுக்கு நல்ல பாக்கையும் சொத்தைப் பாக்கையும் பலமுறை காட்டுகிறோம். நாளடைவில் அவன் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுகிறான். அவ்வாறே, நிபுணர்கள் இன்னது நோய், இன்னது நோயன்று எனக் குறித்த ஏராளமான வாய்ப் படங்களைக் கணினிக்குக் காட்டுகிறார்கள். பிறகு புதுப் படம் ஒன்றைக் காட்டினால், சந்தேகமான இடத்தை அது சுட்டிக் காட்டுகிறது.

மலேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும், மலாயாப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரும், பிற நாட்டு வல்லுநரும் கூடி இத்தகைய ஆய்வொன்றை நடத்தி 2020-ல் வெளியிட்டனர். படத்தில் புண்ணோ திட்டோ உண்டா, உண்டாயின் நிபுணரிடம் அனுப்ப வேண்டுமா என்று கணினி பிரித்தறியுமா என்பதே அதன் நோக்கம். எக்ஸ்ரே படத்தில் பற்சொத்தை முதலியவற்றைக் காட்டி, பல் வைத்தியருக்குத் துணை செய்யும் மென்பொருளுக்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-ல் அனுமதி அளித்தது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கடைப் பையன் பார்த்திராத சரக்கில் ஏமாறுவான், கணினியும் அப்படியே. மங்கிய படத்திலும், அதற்குக் கற்பிக்கப்படாத தோற்றத்திலும் அது பிசகும். நோயை விட்டுவிடவும் கூடும். நோயில்லாதவரைக் கலங்க வைக்கவும் கூடும். புற்றுநோய்தானா என்பதை, சிறிது சதையை எடுத்துப் பரிசோதித்தே வைத்தியர் தீர்மானிப்பார். கணினி சந்தேகத்தைச் சொல்லும், தீர்ப்பு வைத்தியருடையது.

எவ்வளவு கூரிய எந்திரமாயினும் மூடிய வாயைப் பார்க்க இயலாது. ஆகவே மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம், ஈறு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வோம். 2 வாரத்தில் ஆறாத புண் எதுவாயினும், கடையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு உடனே பல் வைத்தியரிடம் செல்வோம். வெற்றிலை பாக்கையும் புகையிலையையும் அறவே விடுவோம். கடையின் சரக்கை அன்றாடம் பார்வையிடும் நாம், நம் வாயைப் பார்வையிட மாதத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கலாகாதா?