மஞ்சளும் கதிர் சிகிச்சையும்

கேள்வி: என் அக்காளுக்கு ரெட் ஹில்ஸ் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் 'கரண்ட்' (கதிர் சிகிச்சை) வைக்கிறார்கள். மஞ்சள் சத்து மாத்திரையும் கூடவே கொடுக்கலாமா?
(வாசகர், ஹைதராபாத்)

பதில்: தாவரங்களில் புற்றுநோய்க்கு ஔஷதம் உண்டு என்பதில் சந்தேகத்திற்கே இடமில்லை; கோயில் நந்தவனங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது. பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கண்டறியப்பட்ட பாக்ளிடாக்ஸெல், உயிரணுவை அது இரண்டாகப் பிளவுபடும் தறுவாயில், அதாவது கதிர் அதனை மிகச் சுலபமாக அழிக்கக்கூடிய கட்டத்தில், தடுத்து நிறுத்திவிடுகிறது. ஆகவே உணவுக்குழாய்ப் புற்றுநோயில், பாக்ளிடாக்ஸெலையும் கார்போபிளாட்டின் எனும் மருந்தையும் கதிர் சிகிச்சையோடு சேர்த்து அறுவைக்கு முன்பே கொடுக்கும் முறை, 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வுக்குப் பின் பிரசித்தி அடைந்தது.

மஞ்சளின் விஷயம் வேறு. அதிலுள்ள குர்க்குமின், சோதனைச்சாலையில் புற்றணுக்களைக் கதிருக்கு எளிதில் வசப்படச் செய்தது மெய்யே. ஆயினும் வாய்வழி உட்கொண்டால் ரத்தத்தில் சேர்வது சொற்பம். அன்றியும், கதிரானது உடம்பிலுள்ள நீரைச் சிதைத்து, 'ஃப்ரீ ராடிக்கல்' எனும் உக்கிரமான பொருள்களை உண்டாக்கியே புற்றணுக்களை மாய்க்கிறதாகையால், அந்த உக்கிரத்தைத் தணிக்கும் குணமுடைய மாத்திரை கட்டிக்கும் கவசமாகிவிடலாம் என்று வைத்தியர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் மாத்திரையின் செறிந்த சத்தைப் பற்றியது; ரசத்தில் ஒரு சிட்டிகை நிஜாமாபாத் மஞ்சளைப் போடுவதை யாரும் ஆட்சேபிப்பதில்லை. மாத்திரைச் சீசாவை வாங்கியாகிவிட்டதென்றால், திறவாமல், அதன் லேபிளோடு கதிர் சிகிச்சை மருத்துவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.