தேர்வு முடிவு நாளுக்கு முன்பே தொடங்கும் பணி

தேர்வு முடிவு வெளியாகும் காலையில் கச்சிராயபாளையத்திலும் மாணவர்கள் அலைபேசியில் பதிவெண்ணை இட்டுக் காத்திருப்பர். கல்வராயன் மலைக் கிராமங்களில் பெற்றோர் வேலைக்கு வெளியூர் சென்றிருக்க, முடிவைத் தனியாகப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. அந்த நாளுக்கு ஆசிரியர்களாகிய நாம் எவ்வாறு ஆயத்தமாவது?

காலமும் குழுவும்

தற்கொலை இறப்புகள் ஆண்டு முழுவதும் சமமாக நிகழ்வதில்லை. ஐரோப்பாவில் அவை கோடையை ஒட்டி மிகுவதைச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897-இல் சுட்டிக்காட்டினார். மாணவர்களிடமோ பள்ளி நாட்காட்டியின் தாக்கம் தெரிகிறது. ஜப்பான் அரசு 1972 முதல் 2013 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தது. 18 வயதுக்குட்பட்டோரின் இறப்புகள், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் செப்டம்பர் 1-இல் மிக அதிகமாக இருந்தன. நமக்குத் தேர்வு முடிவுக் காலம் அத்தகைய கவனத்துக்குரியது.

ஒரே காரணம் அன்று

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். தேர்வுத் தோல்வி காரணமாகப் பதிவான இறப்புகள் 2,248. ஆகவே, எல்லாவற்றையும் மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடக் கூடாது. குடும்பச் சிக்கல், நோய், தனிமை என முன்பே சேர்ந்த சுமை, குறிப்பிட்ட நாளில் தாங்க முடியாததாகிறது.

நாள் முன்பே தெரிவதால் சுமையைக் குறைக்கவும் முடியும். உடனடித் துணைத்தேர்வால் ஓராண்டு வீணாவதில்லை. 2017 முதல் மாநிலத் தரவரிசை வெளியிடுவதும் நிறுத்தப்பட்டது.

வகுப்பாசிரியர் செய்ய வேண்டியவை

1. முடிவுக்கு முன்பே, தோல்வி அச்சம் உள்ளவர்கள், பெற்றோர் உடன் இல்லாதவர்கள், அண்மையில் ஒதுங்கிப் போனவர்கள் ஆகியோரைப் பட்டியலிடுக.

2. அன்று காலையே பேசுக. மதிப்பெண்ணுக்கு முன், "சாப்பிட்டாயா? உன்னோடு யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அலைபேசி இணைப்பு கிடைக்காத ஊருக்கு, அருகில் வசிக்கும் ஒருவரை அனுப்புக.

3. துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க உடனிருந்து உதவுக.

4. வாழப் பிடிக்கவில்லை என்ற குறிப்புத் தெரிந்தால், தற்கொலை எண்ணம் உண்டா என நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது. மாணவரைத் தனியே விடாமல், பெற்றோருக்குத் தெரிவித்து மருத்துவ உதவி பெறுக. 14416, 104 ஆகிய எண்களில் ஆலோசனை கிடைக்கும்.

ஒரு வாரம் கழித்தும், ஜூனில் பள்ளி திறக்கும் நாளிலும் அதே பட்டியலை மீண்டும் எடுத்துப் பாருங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே செல்லுங்கள்.