கெண்டை மீன்கள் உண்ணும் முறையும் தீவனம் இடும் அளவும்

குடவாசல் வட்டாரத்தில் களிப்பாங்கான நிலம் மிகுதி. ஆதலால் குளத்திலும் பண்ணைக் குட்டையிலும் நீர் நன்கு தங்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. இந்த ஏழரை மாத நீரைக்கொண்டு நெல்லோடு மீனும் வளர்க்கலாம். மீன் வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனத்திற்கே ஆகிறது. அது மீனின் வயிற்றுக்குப் போகிறதா, சேற்றுக்குப் போகிறதா என்பதைப் பொறுத்தே இலாபம் அமையும்.

வாயும் வயிறும்

கட்லாவின் வாய் பெரியது, மேல்நோக்கியது. மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை அது வடிகட்டி உண்ணும். ரோகு இடைமட்டத்தில் பாசியையும் அழுகும் செடிகளையும் கொறிக்கும். மிர்காலின் வாய் கீழ்நோக்கியது. தரையில் மட்கிய பொருள்களே அதன் உணவு. சாதாக் கெண்டை சேற்றையும் கரையையும் கிளறிப் புழு தேடும். கரை சரியும் குட்டைகளில் அதைக் குறைத்தே விடவேண்டும். வெள்ளிக்கெண்டைக்குப் பச்சை நுண்பாசியும், புல்கெண்டைக்கு நீர்ச்செடியும் புல்லும் உணவாகும். நம் பகுதியில் கிடைக்கும் வாழை இலையையும் புல்கெண்டை தின்னும். அதன் கழிவு குளத்திற்கு எருவாகிறது.

முதல் மூன்றும் கங்கைப் படுகை மீன்கள். 1957-இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி இம்மீன்களை ஊசி மருந்தால் சினைப்படுத்திக் காட்டினார். அதன் பிறகே ஆற்றுக் குஞ்சுகளை நம்பியிராமல், வேண்டிய இனத்தை வேண்டிய விகிதத்தில் விட வழி பிறந்தது.

கெண்டைகளுக்குத் தாடையில் பல் இல்லை. தொண்டைப் பற்களே இரையை அரைக்கும். இரைப்பையும் கிடையாது. மாட்டைப்போல ஒரே வேளையில் நிரப்பிக்கொண்டு, பிறகு அசைபோட அவற்றால் இயலாது. மொத்தமாகக் கொட்டிய தவிடு மிஞ்சுவது இதனால்தான்.

தட்டில் இடுதல்

கரையில் நின்று தவிட்டை வீசுவது எளிது. ஆனால் பாதி கரைந்து போகும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம எடையில் எடுத்து, பிண்ணாக்கை ஊறவைத்துப் பிசைந்து, உருண்டையாக்கித் தட்டில் வைத்து நீரில் இறக்கவும். இடத்தையும் நேரத்தையும் மாற்றக்கூடாது. கெண்டைகளுக்குச் செவிப்புலன் கூர்மையானது. சில நாட்களில் காலடி ஓசைக்கே கூடிவிடும். ஆந்திராவில் கொல்லேறு பகுதியினர் துளையிட்ட சாக்கில் தவிட்டை நிரப்பி, மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிடுகின்றனர்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் குறைக்கவும். எந்த அட்டவணையையும்விட இந்தத் தட்டையே நம்பலாம்.

அளவு

அரை ஏக்கர் குட்டையில் 1000 குஞ்சுகள் விட்டதாகக் கொள்வோம். மாதம் ஒருமுறை வலைவீசி 20 மீன்களை நிறுக்கவும். எடை 4 கிலோ என்றால், சராசரி 200 கிராம். 800 மீன்கள் பிழைத்திருப்பதாகக் கணக்கிட்டால் மொத்தம் 160 கிலோ. இதில் 3 சதவீதம், அதாவது நாளைக்கு 4.8 கிலோ தீவனத்தை இரு வேளையாக இடலாம். சிறு குஞ்சுகளுக்கு 5 சதவீதம் வரை தேவைப்படும். வளர வளர 2 சதவீதம் போதும்.

விடியற்காலை ஆபத்து

பகலில் நீருக்கு உயிர்வளி தரும் பாசி இரவில் அதையே உட்கொள்கிறது. அழுகும் தீவனமும் சேர்ந்து உட்கொள்ள, விடியற்காலையில் உயிர்வளி மிகக் குறைந்துவிடும். ஆகவே வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல்தான் முதல் தீவனம். முழங்கை வரை நீரில் விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரியவேண்டும். மணிக்கட்டு மூழ்கியவுடனே விரல்கள் மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது. எருவையும் தீவனத்தையும் நிறுத்துக. ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் போட்ட நாட்களிலும் அவ்வாறே. மார்கழிக் குளிரில் மீன்கள் தாமாகவே குறைத்து உண்ணும். “மீன் இளைத்துவிடுமே” என்று அஞ்சி அப்போது கூடுதலாகக் கொட்டுவோர் உண்டு. இது வீண் செலவு மட்டுமன்று, ஆபத்தும் ஆகும்.

அணை மூடிய பின் நம் குட்டைகளில் நீர் வற்றத் தொடங்கும். மீனின் மொத்த எடையோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆகவே தை, மாசியில் பெரிய கட்லாக்களை முதலில் பிடித்து விற்றுவிட்டு, மீதி எடைக்கே தீவனத்தைக் கணக்கிடவும். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அன்று தீவனம் இடவேண்டாம். இறைப்பான் வைத்துக் குட்டை நீரையே மேலிருந்து சாரலாக விழச்செய்க. ஆழ்குழாய் நீர் இருந்தால் அதையும் அவ்வாறே விடலாம்.