ராமன் அளவீட்டுக்கு எந்த ஸ்லைடு?

சிதறும் ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடி ஃபோட்டான்களில் ஒன்றுதான் ராமன் சமிக்ஞையாகத் திரும்புகிறது. மாதிரியைத் தாங்கும் ஸ்லைடே லேசர் பட்டு ஒளிர ஆரம்பித்தால், அந்த ஒன்றும் மூழ்கிப்போகும். ஆகவே ஸ்லைடு வாங்கும்போது, அது எவ்வளவு தெளிவு என்பதைவிட எவ்வளவு இருட்டாக இருக்கும் என்று பாருங்கள்.

சாதாரணக் கண்ணாடி: மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் 785 நானோமீட்டர் லேசரில் 1,400 செ.மீ⁻¹ அருகே அகன்ற மேடு ஒன்று எழும். கொழுப்பும் புரதமும் உச்சி காட்டும் 1,450 அதன் மேலேயே விழுகிறது. வலுவாகச் சிதறடிக்கும் படிகங்களுக்குப் போதும், செல்களுக்கு வேண்டாம்.

ஃப்யூஸ்டு சிலிக்கா: பின்னணி வெகுவாகக் குறையும். இயற்கைக் குவார்ட்ஸை உருக்கிச் செய்ததைவிடச் செயற்கை வகையில் உலோக மாசு மிகக் குறைவு. புற ஊதா, நீல ஒளியில் வேலை செய்பவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள். 500 செ.மீ⁻¹-க்குக் கீழே சிலிக்காவின் சொந்த ராமன் பட்டை பரந்து கிடக்கும்.

கால்சியம் ஃபுளோரைடு: 322 செ.மீ⁻¹-இல் ஒரே ஒரு கூர்மையான உச்சி, மற்ற இடமெல்லாம் அமைதி. செல், திசு ஆய்வுக்கு என் முதல் தேர்வு இதுதான். விலை அதிகம், எளிதில் கீறும், திடீர்ச் சூட்டில் விரிசல் விடும்.

துருப்பிடிக்காத எஃகு: பின்னணி குறைவு, கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். உலர்ந்த மாதிரிக்குச் சிக்கனமான வழி. ஒளி ஊடுருவாது என்பதால், கீழிருந்து பார்க்கும் நுண்ணோக்கிக்கு ஆகாது.

லேசரையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். 532 நானோமீட்டரிலிருந்து 785-க்கு மாறினால் மாதிரியின் ஒளிர்வு பெரும்பாலும் அடங்கும். ஆனால் அலைநீளத்தின் நான்காம் படி விதிப்படி ராமன் சமிக்ஞையும் சுமார் 4.7 மடங்கு குறையும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. காலி ஸ்லைடை வைத்து, அதே லேசர் திறனில், அதே நேரத்துக்கு அளவெடுங்கள். பிறகு குவியத்தை ஸ்லைடுக்கு மேலே காற்றுக்கு உயர்த்தி மறுபடி எடுங்கள். மேடு தணிந்தால் ஸ்லைடை மாற்றுங்கள். தணியாவிட்டால் லென்ஸையும் வடிகட்டியையும் பாருங்கள். வண்ணக் கண்ணாடி வடிகட்டிகள் தாமே ஒளிர்வதுண்டு.

1923-இல் கொல்கத்தாவில் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் நீரில் கண்ட மெல்லிய ஒளியை, மாசு தரும் ஒளிர்வு என்றே முதலில் எண்ணினார்கள். திரும்பத் திரும்பச் சுத்திகரித்தும் அது மறையவில்லை. அது ராமன் சிதறல் என்பது 1928-இல்தான் துலங்கியது. எந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியும் அந்தப் பொறுமை, காலி ஸ்லைடை அளப்பதில் தொடங்குகிறது.